இரும்பின் மேல் போட்ட பழி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. இது முப்பத்தைந்தாவது வாரம். வயிற்றில் இருப்பது பெண்ணோ பையனோ, அது இன்னும் உள்ளேயே இருக்கிறது என்பதுதான் எனக்கு இப்போது பெரிய விஷயம். பிரசவத்துக்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டால் நானே என்னை மன்னித்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜிம்மில் பெண்களுக்குப் பயிற்சி சொல்லித் தருவது என் வேலை. காலை பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை லேடீஸ் பேட்ச். அண்ணாமலை நகரில் உடற்கல்வி படித்தபோது பளு தூக்கினேன். மெடல்கள்கூட இருக்கின்றன. கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் என் மாமியாருக்கு, அதாவது அத்தைக்கு, நான் என்ன வேலை செய்கிறேன் என்பது சரியாகப் பிடிபடவில்லை. யாராவது கேட்டால், "டீச்சரா இருக்கா" என்பார். என்ன டீச்சர் என்று அவர்கள் விடாமல் கேட்டால், "பொம்பளைங்களுக்கு" என்று முடித்துவிடுவார்.

உண்டானது தெரிந்ததும் நான் முதலில் டாக்டரிடம் கேட்டது, எடை தூக்கலாமா என்றுதான். கடலூரில் நான் பார்க்கும் லேடி டாக்டர் யோசித்துத்தான் பதில் சொன்னார். பழகிய உடம்பு என்பதால் செய்யலாம், எடையைக் குறைத்துக்கொள், மூச்சை அடக்கித் தூக்காதே, மல்லாந்து படுத்துச் செய்யாதே, தலை சுற்றினாலோ ரத்தம் பட்டாலோ அப்படியே நிறுத்திவிட்டு என்னிடம் வா. நான் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தேன். சொன்னதைச் செய்யாதது வேறொரு இடத்தில்.

ஐந்தாம் மாதம் இடுப்பு வலி வந்தது. இது பாதிப் பேருக்கு வருவதுதான். வயிறு முன்னால் இழுக்க இழுக்க, கீழ் முதுகு பின்னால் வளைந்து அதைத் தாங்குகிறது. நாள் பூராவும் தாங்கினால் வலிக்காமல் என்ன செய்யும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஐந்து கிலோ டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதையே செய்வது, முட்டி போட்டுக் கை ஊன்றி ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டுவது என்று வாரம் மூன்று நாள் செய்தேன். மூன்று வாரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. என் பேட்சில் ரெஜினா என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர் இருந்தாள். அவளும் கர்ப்பிணி, என்னைவிட ஆறு வாரம் பின்னால். டாக்டரைக் கேட்டுக்கொண்டு அவளும் என்னோடு செய்தாள். "கிளாஸ்ல நின்னு பாடம் எடுக்க முடியுதுக்கா" என்று அவள் சொன்னபோது எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

அந்தக் கனம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

இருபத்து நான்காவது வாரம் வழக்கமான பரிசோதனையில் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். சிறுநீரில் கிருமி இருந்தால் லேபில் அதை இரண்டு நாள் வளரவிட்டு, என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பதுதான் கல்ச்சர். கிருமி இருந்தது.

"எரிச்சல் இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர்."

"காய்ச்சல்?"

"ஒண்ணுமே இல்ல."

"இல்லன்னாலும் சாப்பிடணும். கர்ப்பத்துல இத சும்மா விடக்கூடாது. அஞ்சு நாள், காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

பத்து மாத்திரை, ஒரு அட்டை. வாங்கினேன். ஜிம் பையின் பக்கவாட்டு ஜிப்பில், கர்ப்பகால ஃபைலோடு சேர்த்து வைத்தேன். அங்கேயே இருந்தது.

ஏன் சாப்பிடவில்லை என்று அப்புறம் எத்தனையோ தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். மாத்திரை போட்டு வருஷக்கணக்காகிறது என்று பேட்சில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தவள் நான். உடம்பு திடமாக இருக்கிறது, வலி இல்லை, எரிச்சல் இல்லை, வயிற்றுப் பிள்ளைக்கு எதற்கு ஆன்டிபயாட்டிக் என்று நினைத்தேன். போனில் பார்த்த ஒரு வீடியோவில் யாரோ ஒரு பெண் பார்லி தண்ணீர் குடித்தால் போதும் என்று சிரித்துக்கொண்டே சொன்னது வேறு வசதியாகப் போயிற்று. பார்லியும் இளநீரும் குடித்தேன். குடித்ததற்குக் கணக்கில்லை.

நான்கு வாரம் கழித்து வலது பக்கம் வலி வந்தது. பழைய இடுப்பு வலி இல்லை. அதற்கு மேலே, விலா எலும்பு முடிகிற இடத்தில். என் பேட்சில் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. படுத்துத் திரும்பிப் பார், வலி கூடிக் குறைந்தால் தசையோ மூட்டோ. எப்படிப் படுத்தாலும் வலி அப்படியே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, டாக்டரிடம் போ. நான் இடது பக்கம் படுத்தேன், வலது பக்கம் படுத்தேன், தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்தேன். வலி அசையவில்லை. ஊருக்குச் சொல்லத் தெரிந்தவளுக்கு அது தனக்கும்தான் என்று தோன்றவில்லை. தோன்றியது, ஒப்புக்கொள்ளவில்லை. வலிக்கிறது என்று வாயைத் திறந்தால், 'இரும்பைத் தூக்காத தூக்காதன்னு சொன்னோமே' என்று வீடே சொல்லும். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை குளிர் நடுக்கம் வந்துவிட்டது. கட்டிலே ஆடியது. அத்தை வந்து நெற்றியில் கை வைத்தார்.

"என்னாடி இது, நெருப்பா கொதிக்குது? எப்பத்துலேந்து இப்படி இருக்குது?"

அப்போது நான் சொன்ன பதிலைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

"முந்தாநேத்து கொஞ்சம் ஜாஸ்தியா வெயிட் தூக்கிட்டேன் அத்தை."

தூக்கவேயில்லை. வலி வந்ததிலிருந்து டம்பெல்லைத் தொடவில்லை. இரண்டு நாளாக எந்தப் பழி வரக்கூடாது என்று வலியை மறைத்தேனோ, அதே பழியை நானே எடுத்து இரும்பின் மேல் போட்டேன். அளவு மீறித் தூக்கினாள் என்றால் அதில் ஒரு வீரம் இருக்கிறது. பத்து மாத்திரையை விழுங்காமல் விட்டாள் என்றால் வெறும் முட்டாள்தனம். அந்தக் காய்ச்சலிலும் மூளை எவ்வளவு சரியாக வேலை செய்திருக்கிறது பாருங்கள்.

என் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. போன் போட்டதும் ஓடி வந்தார். கடலூர் டாக்டர் பார்த்துவிட்டு, வயிறு இறுகி இறுகி விடுகிறது, குறைமாதத்தில் பிறந்தால் பார்க்க வசதியுள்ள இடத்துக்குப் போங்கள் என்று சிதம்பரத்துக்கு அனுப்பினார். ஆம்புலன்ஸில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு ஊராகப் போக, அத்தை என் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார். வழியெல்லாம் திட்டியபடிதான் தேய்த்தார். இரும்பை, ஜிம்மை, அதைக் கட்டியவனை, தன் மகனை. என்னை மட்டும் திட்டவில்லை.

அண்ணாமலை நகர் பெரிய ஆஸ்பத்திரியில் நான் ஐந்து வருஷம் சைக்கிளில் கடந்து போன கேட் வழியாக ஸ்ட்ரெச்சரில் போனேன். என் வயதுகூட இருக்காத ஒரு பெண் டாக்டர் வந்தார். என்னை உட்காரவைத்து, முதுகின் வலது பக்கம் கையை மடக்கி மெதுவாக ஒரு தட்டு தட்டினார். எனக்கு உயிர் போய் வந்தது.

"இது இடுப்பு வலி இல்லம்மா. சிறுநீரகத்துல தொற்று" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். கர்ப்பப்பை வளர்ந்ததும் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயை அழுத்துகிறது. சிறுநீர் தேங்கி நிற்கும். கீழே பையில் சத்தமில்லாமல் இருந்த கிருமி அந்தத் தேக்கத்தில் மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்துக்கொள்ளும். காய்ச்சலும் தொற்றும் சேர்ந்து கர்ப்பப்பையைக் கிளறிவிடும், அதனால் நாளுக்கு முன்பே வலி எடுக்கும்.

"எடை தூக்குனதாலயா டாக்டர்?" என்று அத்தை கேட்டார்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "முன்னாடி கல்ச்சர்ல கிருமின்னு மாத்திரை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"முழுசா சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன்."

அவர் எழுதிக்கொண்டார். எழுதும்போதே, "அப்ப அந்த மருந்துக்கு அடங்காத கிருமியா இருக்கலாம், வேற பவர்ஃபுல் ஊசி போட்டுப் பாக்கலாம்" என்று நர்ஸிடம் சொன்னார். என் ஒரு சொல் ஊசி மருந்தையே மாற்றிவிட்டது. வாயைத் திறந்து திருத்த எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. அந்த நிமிஷம் போய்விட்டது.

வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட் கட்டினார்கள். ஒன்று குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும், இன்னொன்று வயிறு இறுகுவதைப் பதிவு செய்யும். காகிதத்தில் கோடு ஏறும்போதெல்லாம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர இரண்டு ஊசி, ஒரு நாள் இடைவெளியில் போட்டார்கள். ஒருவேளை பிறந்துவிட்டால் மூச்சு விட அது உதவுமாம். 'ஒருவேளை' என்று டாக்டர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா. மருந்து ஏறிய கை வீங்கியது, குடித்ததெல்லாம் வாந்தி. இது எனக்கு வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். உடனே, எனக்கு வேண்டும், உனக்கு எதற்கு என்று வயிற்றைத் தடவுவேன்.

மறுநாள் பழைய ரிப்போர்ட் வேண்டும் என்று கேட்டார்கள். ஃபைல் ஜிம் பையில் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். அந்த மயக்கத்தில் அட்டையும் அதே பையில் இருப்பது நினைவில்லை. அத்தை காலை பஸ்ஸில் கடலூர் போய், மத்தியானம் ஒரு கட்டைப்பையில் ஃபைலோடும் மாற்றுப் புடவையோடும் திரும்பினார். ஃபைலை என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். அன்றிலிருந்து இரும்பைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். என் மேல் கோபம், பேசப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சைத்தான் குறைத்தாரே தவிர வேலையைக் குறைக்கவில்லை. வார்டில் கூட ஒரு பெண்தான் இருக்கலாம், ஆண்களுக்கு அனுமதி இல்லை. எனக்குத் தலை வாரிப் பின்னினார், உடம்பு துடைத்துவிட்டார், பெட்பேன் எடுத்தார். மிளகு தட்டிப்போட்ட நொய்க்கஞ்சியை எங்கிருந்தோ வாங்கி வந்து, நாலு ஸ்பூன் உள்ளே போகும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். மாமா கீழே மரத்தடியில் நின்று போன் செய்வார். "ஜன்னல்கிட்ட வர முடியுதா?" என்பார். முடியாது என்று தெரிந்தும் தினமும் கேட்பார்.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது, வயிறு இறுகுவதும் நின்றது. அன்று காலை ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டர் கையில் புது கல்ச்சர் ரிப்போர்ட் இருந்தது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு படித்தார்.

"அதே கிருமிதான். நீங்க ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரைக்கே சாகுதுன்னு போட்டிருக்கு. முழுசா சாப்ட்டும் எப்படி இப்படி ஆச்சு?"

நான் கூரையைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு கட்டில் இருந்த வார்டு. நர்ஸுகள், பக்கத்துக் கட்டில்காரர்கள், அவர்களோடு இருந்த அம்மாக்கள், எல்லோரும் இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ சாப்புடலம்மா" என்றார் அத்தை. "நாந்தான் எடுத்துக் குடுக்கணும். மறந்துட்டேன். அவ கேக்குறப்பல்லாம் வேற எதையோ சத்து மாத்திரைய குடுத்துட்டேன். அவ இதத்தான் சாப்ட்டோம்னு நெனச்சிக்கினு இருக்கா."

எனக்கு அப்போதுதான் பையின் ஜிப் நினைவுக்கு வந்தது.

டாக்டர் நல்ல பெண்தான், ஆனால் நான்கு நாளாகத் தூங்காதவர். சரமாரியாகத் திட்டிவிட்டார். "பத்து மாத்திரைம்மா. பத்தே பத்து. பாத்துக் குடுக்க முடியாதா? இந்தப் பொண்ணு உயிருக்கே ஆபத்தாயிருக்கும். உங்க வீட்டுப் பிள்ளைதான வயித்துல இருக்கு? படிக்கத் தெரியலன்னா யாரயாவது கேக்கறதுக்கென்ன?"

அத்தைக்குப் படிக்கத் தெரியும். பழைய பத்தாம் வகுப்பு. கையில் கஞ்சித் தம்ளரோடு நின்றுகொண்டு, "தப்புதான் கண்ணு" என்றார்.

நூறு கிலோவுக்கு மேல் தூக்கியவள் என்று பேட்சில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு வார்த்தையைத் தூக்க முடியவில்லை. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும், "அத்தை" என்று ஆரம்பித்தேன். "கஞ்சி ஆறிடும், குடி" என்றார்.

ஊசியைச் சாதாரண மருந்துக்கு மாற்றினார்கள். வாந்தி நின்றது. ஒரு வாரத்தில் வீட்டுக்கு விட்டார்கள். கிருமி திரும்பி வராமல் இருக்க, பிரசவம் வரைக்கும் தினம் இரவு ஒரு மாத்திரை.

வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் அத்தை ஒரே பதில்தான் சொன்னார். "வெயிட்டு தூக்குனா, அதான்." வீட்டில் வைத்திருந்த என் டம்பெல்கள் மொட்டைமாடிக்குப் போயிருந்தன. வடாம் பிழிந்த துணி காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் வைத்திருந்தார். அவற்றைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. செய்தி ஜிம்முக்கும் போயிற்று. மாசமாக இருப்பவர்கள் இனி வரவேண்டாம் என்று ஓனர் சொல்லிவிட்டார். நான் எதையும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் வசதியான பொய், எனக்கு எல்லோரையும்விட வசதி.

பிறகு ரெஜினா போன் செய்தாள். பயிற்சியை நிறுத்திவிட்டாளாம். "ஒங்களுக்கே இப்படி ஆச்சுன்னதும் வீட்டுல வுடல. எனக்கும் பயமா இருக்குதுக்கா." இடுப்பு வலி பழையபடி வந்துவிட்டது என்றாள். "ஒன் டாக்டர கேட்டுக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவளே மறுபடி பேசினாள். நிற்க முடியவில்லை, சம்பளமில்லாத லீவு போட்டுப் படுத்திருக்கிறாள். எழுந்து நடக்கவே பயமாக இருக்கிறதாம். அழவில்லை, ஆனால் குரல் அழுது முடித்த குரல்.

அத்தை கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குக் கேட்கும்படியே சொன்னேன்.

"ரெஜினா, நான் வெயிட் தூக்கி எனக்கு ஒண்ணும் ஆவல. கிருமிக்குக் குடுத்த மாத்திரைய நான் சாப்பிடல. அட்டைய பிரிக்கவே இல்ல. யாரும் குடுக்க மறக்கல, நானேதான் சாப்பிடல. ஒனக்கு வந்தது வேற வலி. ஒன் டாக்டர்கிட்ட போயி கேளு, அவுங்க சரின்னா மறுபடி ஆரம்பி. கல்ச்சர் எடுக்கச் சொன்னாங்கன்னா எடு. மாத்திரை குடுத்தாங்கன்னா தின்னு."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள் ரெஜினா. அத்தை அவரைக்காய் உரிப்பதை நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் மாமாவிடமும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அம்மாவ எல்லார் எதுர்லயுமா திட்டுனாங்க?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் சிதம்பரத்தில் ரெவ்யூ. குலுங்காது என்று பாசஞ்சர் ரயிலில் போனோம், அத்தையும் நானும். அதே டாக்டர். அவர் ஸ்கேனைப் பார்த்து, குழந்தை எடை சரியாக இருக்கிறது என்று சிரித்தபோது, இதுதான் சமயம் என்று சொல்லிவிட்டேன். மாத்திரையை நான்தான் சாப்பிடவில்லை, உங்களிடம் பொய் சொன்னேன், அத்தைக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அத்தையைப் பார்த்து, "அம்மா, அன்னிக்கு நான் ரொம்பப் பேசிட்டேன்" என்றார்.

"அதனால என்னா கண்ணு. நீ புள்ளைக்கோசரம்தான பேசுன."

திரும்பி வரும்போது பெட்டியில் கூட்டம் இல்லை. கிள்ளை தாண்டி, பரங்கிப்பேட்டை தாண்டி, புதுச்சத்திரம் வரும் வரை அத்தை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏன் அத்தை பழிய நீங்க எடுத்துக்கினீங்க?"

"வயித்துப் புள்ளக்காரி. எல்லாரும் ஒன்னப் பாத்துக்கினு இருந்தாளுங்க. என்னாப் பண்ணச் சொல்லுற?"

கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே சொன்னார். "அந்தப் பொண்ணு திட்டுனது எனக்கு ஒண்ணும் பெருசா இல்ல. பாதியில நீ சொல்லிடுவன்னு பாத்தேன்."

ஆலப்பாக்கத்தில் கடலை வாங்கி என் கையில் கொடுத்தார்.

ரெஜினா டாக்டரைப் பார்த்துவிட்டு நாற்காலிப் பயிற்சியை மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். மெதுவாகத்தான், முதலில் எடையில்லாமல். என்னிடம் முன்போல் பேசுவதில்லை, செய்ததை மட்டும் மெசேஜில் அனுப்புகிறாள். அதுவே எனக்குப் பெரிது. போன வாரம் வானம் மூட்டமாக இருந்தபோது அத்தை மாடியேறிப் போய் டம்பெல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார். "நனைஞ்சா துருப்புடிச்சிடும்" என்றார்.

தினம் இரவு சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் என் பக்கத்தில் வைத்துவிட்டு அத்தை அடுப்படிக்குப் போய்விடுவார். போட்டியா என்று இதுவரை ஒரு நாள்கூட அவர் கேட்டதில்லை. நான்தான் தம்ளரை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போய், அவர் எதிரில் நின்று விழுங்குகிறேன்.